பகு எண் என்று அறிவதா, காரணிகளைக் காண்பதா?

2⁶⁷ − 1 என்பது 147573952589676412927. இந்த 21 இலக்க எண் பகா எண் அல்ல என்று 1876இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா காட்டினார், ஒரு காரணியைக்கூடக் கண்டுபிடிக்காமலே! அவர் வழியின் இன்றைய வடிவம் எளிது: 4இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, 2ஐக் கழித்து, நம் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். 65 முறை செய்தபின் மீதி பூச்சியம் இல்லையென்றால் அது பகு எண்தான்.

காரணி தேடுவது வேறு கதை. 1903இல்தான் அமெரிக்கக் கணிதவியலாளர் கோல் இந்த எண்ணை 193707721 × 761838257287 என்று பிரித்தார். காரணிகள் 134இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகவே இருக்கும். முதலாவது 134 × 1445580 + 1. அந்தச் சலுகை இருந்தும் தேடல் நீண்டது.

பகு எண்ணா, இல்லையா என்ற விடை மட்டும் போதுமென்றால் லூக்கா வழி. எனக்கோ கோலின் பெருக்கல்தான் பிடிக்கும். தாளும் பேனாவும் இருந்தால் எவரும் சரிபார்த்துவிடலாம்.