பலெர்மோவின் பல்லாரோ: வன்னியிலிருந்து செல்வோருக்கு

ஈழத்தமிழர் பலர் குடியேறியுள்ள இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோ நகருக்கு, வன்னியிலிருந்து உறவினரைக் காணச் செல்வோர் பல்லாரோச் சந்தைப் பகுதியைத் தவறவிடக் கூடாது. கடலை மாவைக் கிண்டி ஆறவைத்து, மெல்லிய துண்டுகளாக்கிப் பொரித்துப் பாணுக்குள் வைத்துத் தரும் பனெல்லே, கிளிநொச்சியில் சுடச்சுட வாங்கியுண்ணும் கடலை வடையைப் போலவே நம் நாவுக்கு உடனே இணங்கிவிடுகிறது. குங்குமப்பூ சேர்த்த சோற்றுருண்டையான அரன்சீனாவினுள் பெரும்பாலும் இறைச்சி இருக்குமாதலால், சைவ உணவினர் கேட்டு வாங்க வேண்டும்.

அருகிலுள்ள காசா புரொபெஸா தேவாலயம் 1943ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் சிதைந்து, பின்னர் மீளக் கட்டப்பட்டது. போரில் இடிந்த கோயில்களைக் கண்ட நமக்கு, அதன் பல்வண்ணப் பளிங்கு வேலைப்பாட்டின் முன் நெடுநேரம் நிற்கத் தோன்றும். இரவில் இளைஞர் கூடும் மதுக்கடைகளின் இசையும் ஆரவாரமும் உற்சாகமூட்டுவனவே. எனினும் குழந்தைகளுடன் செல்வோர் சற்றுத் தள்ளியே அறை எடுப்பது நல்லது.