ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: காப்பீட்டுப் படிவத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்து போடாதீர்கள்

வருகிற அக்டோபரில் ஜெர்மனியில் முதுகலைப் படிப்பைத் தொடங்கப் போகிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். ஏஜென்சி மூலமாகப் போகிறவர்கள் கட்டாயம் படியுங்கள். விசா கிடைத்த பிறகு அவர்கள் அனுப்பும் காகிதங்களில் மருத்துவக் காப்பீடு சம்பந்தமாக ஒரு ஜெர்மன் படிவம் இருக்கலாம். அதில் 'பெஃப்ரையுங்' என்று இருந்தால் கையெழுத்து போடாமல் நிறுத்துங்கள். அது அரசு முறைக் காப்பீட்டிலிருந்து விலக்குக் கேட்கும் விண்ணப்பம். விலக்கு ஒருமுறை கிடைத்துவிட்டால் அந்தப் படிப்பு முடியும்வரை அதைத் திரும்பப் பெற முடியாது. ஜெர்மன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் தொகுதியில், 8ஆம் பிரிவில் இது தெளிவாக எழுதியிருக்கிறது.

நான் கோவைப் பக்கம். பி.இ. முடித்துவிட்டு இப்போது சாக்சனி மாநிலத்தில் எம்.எஸ்சி. படிக்கிறேன். ஊரில் ஓர் ஏஜென்சிதான் எல்லாம் செய்து கொடுத்தது. ஏபிஎஸ் சான்றிதழ் (நம் பட்டங்களைச் சரிபார்த்துத் தருவது), யூனி-அசிஸ்ட் (பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அமைப்பு) விண்ணப்பம், பிளாக்டு அக்கவுண்ட் (செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டு மாதாமாதம் எடுக்கும் கணக்கு), விசா ஃபைல் என்று அதுவரை செய்த வேலையில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அதனால்தான் அதற்கடுத்து அவர்கள் சொன்னதையும் வீட்டில் நம்பினோம்.

அங்கிருந்த கவுன்சலர் அப்பாவிடம் சொன்னது இதுதான்: "சார், கவர்மென்ட் இன்சூரன்ஸ்னு போனா மாசம் 140 யூரோ. நாங்க எடுத்துக் குடுக்குறது 35 யூரோதான். ரெண்டு வருஷத்துல ரெண்டு லட்சத்துக்கு மேல மிச்சம் சார்." கல்விக் கடன் வாங்கி அனுப்புகிற எந்த அப்பாவுக்கும் அது நல்ல செய்திதான். என்னிடம், "யூனிவர்சிட்டியில சேர இன்சூரன்ஸ் புரூஃப் வேணும்மா, அதுக்கான ஃபார்ம்தான் இது, சைன் பண்ணி ஸ்கேன் அனுப்பிடு" என்றார். விலக்கு என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை. இது மாற்ற முடியாதது என்று சொல்லவில்லை. முன்பே இருந்த நோய்களுக்கு அந்த 35 யூரோ பாலிசி பணம் தராது என்றும் சொல்லவில்லை. அவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. இதே படிவத்தைத்தான் வருஷா வருஷம் மாணவர்களிடம் கையெழுத்து வாங்கி அனுப்புகிறார்கள்.

ஜெர்மனியில் 30 வயதுக்குள் பல்கலைக்கழகத்தில் சேர்கிறவர்கள் அரசு முறைக் காப்பீட்டில் இருந்தாக வேண்டும் என்பதுதான் விதி. மாணவர்களுக்கென்று தனிக் கட்டணம் உண்டு. பராமரிப்புக் காப்பீட்டையும் (நோயாலோ முதுமையாலோ பிறர் பராமரிப்பு தேவைப்பட்டால் உதவுவது) சேர்த்து இப்போது மாதம் 140 யூரோவைச் சுற்றி வரும். டிகே, ஏஓகே, பார்மர் என்று அரசு முறைக் காப்பீட்டு நிறுவனங்களில் எதில் சேர்ந்தாலும் தொகையில் பெரிய வித்தியாசம் இல்லை, கிடைக்கும் சிகிச்சையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நமக்குப் பழைய நோய் ஏதாவது இருக்கிறதா என்று யாரும் கேட்க மாட்டார்கள். டாக்டரிடம் அட்டையை நீட்டினால் போதும். ஆஸ்பத்திரியில் படுத்தால் நம் பங்கு ஒரு நாளைக்கு 10 யூரோ, மருந்துச் சீட்டுக்கு 5 முதல் 10 யூரோ வரை. மற்றதெல்லாம் அவர்களுக்குள் பார்த்துக்கொள்வார்கள்.

இது வேண்டாம் என்றால் காப்பீட்டுக் கட்டாயம் தொடங்கிய மூன்று மாதத்துக்குள் விலக்குக் கேட்கலாம். தனியார் காப்பீடு எடுத்தவர்கூட அரசு முறைக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றிடம் போய் விலக்கைப் பதிவு செய்தாக வேண்டும். அந்த நிறுவனம்தான் பல்கலைக்கழகத்துக்கு 'எம்10' என்ற தகவலை ஆன்லைனில் அனுப்பும். அந்தத் தகவல் போகாமல் அட்மிஷன் முழுமையாகாது. என் விஷயத்தில் இதையெல்லாம் ஏஜென்சியே செய்து முடித்தது. அரசுப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக ஏஜென்டுகளுக்குக் கமிஷன் தருவதில்லை. அதனால் அவர்களுக்கு வருமானம் வேறு இடங்களில் இருந்துதான் வர வேண்டும். மாணவர் தலையில் கட்டும் காப்பீடும் அப்படி ஓர் இடம் என்பதை இங்கே வந்த பிறகு சீனியர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

முதல் செமஸ்டர் நன்றாகவே போனது. அதையும் சொல்ல வேண்டும். ஆய்வகத்தில் இடம் கிடைத்தது, பேராசிரியர் பொறுமையானவர், மென்சா என்கிற மாணவர் உணவகத்தில் மூன்று யூரோ சொச்சத்தில் மதியச் சாப்பாடு. சந்தோஷமாகத்தான் இருந்தேன். இரண்டாவது செமஸ்டரில், பரீட்சை நெருங்கும் நேரத்தில், நடு ராத்திரி இடுப்பில் தாங்க முடியாத வலி. கூடத் தங்கியிருந்த பெண் 112 என்ற அவசர உதவி எண்ணுக்கு அடித்தாள். சிறுநீரகக் கல், குழாயில் அடைத்துக்கொண்டது. ஸ்டென்ட் என்ற சின்னக் குழாயை வைத்து மூன்றாம் நாள் அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியில் நல்லபடியாகப் பார்த்துக்கொண்டார்கள், அவர்கள் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

அங்கே டாக்டர், "இதற்கு முன்பு வந்திருக்கிறதா?" என்று கேட்டார். கல்லூரியில் படிக்கும்போது ஒருமுறை வந்து, மாத்திரையிலேயே சரியானது என்று உள்ளதைச் சொன்னேன். டாக்டரிடம் வேறென்ன சொல்வது? அந்த ஒரு வரி டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏறியது. காப்பீட்டு நிறுவனம் அதைப் பிடித்துக்கொண்டது. 'முன்பே இருந்த நோய், ஒப்பந்தப்படி பணம் தர இயலாது' என்று கடிதம் வந்தது. ஆம்புலன்ஸ் பில் தனி, ஆஸ்பத்திரி பில் தனி. இரண்டும் சேர்த்து நாலாயிரம் யூரோவுக்கு மேல்.

பிளாக்டு அக்கவுண்டில் பணம் இருக்கிறதே என்று ஊரில் நினைக்கிறார்கள். வருஷத்துக்கு 11,904 யூரோ போட்டிருந்தாலும் மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். அதற்குள் வாடகை, காப்பீடு, சாப்பாடு எல்லாம் அடங்க வேண்டும். இரண்டு வாரத்தில் கட்டு என்று வரும் பில்லை அதில் எப்படிக் கட்டுவது? அம்மா நகையை வைக்கிறேன் என்றாள். அந்த வாரம் முழுக்கத் தூக்கம் இல்லை, ஒரு பரீட்சையைத் தள்ளிப்போட்டேன்.

ஏஜென்சிக்கு அப்பா போன் செய்தார். முதலில், "கம்பெனிகிட்ட பேசிட்டுச் சொல்றோம் சார்." அப்புறம், "நாங்க ஃபெசிலிடேட்டர் மட்டும்தான் சார், பாலிசி டாக்குமென்ட்ல எல்லாம் இருக்கு." அதற்கப்புறம் போனை எடுக்கவில்லை. அப்பா நேரில் போனார். அந்தக் கவுன்சலர் வேறு கிளைக்குப் போய்விட்டார் என்றார்கள். ஒரு மனிதரை நாற்காலியில் உட்கார வைத்து, டீ கொடுத்து, வெறும் கையோடு அனுப்பிவிட்டார்கள். எனக்குப் பணம் போனதைவிட இதுதான் இன்னும் ஆறவில்லை.

எனக்கு உண்மையில் உதவியது இங்கே இருக்கிற ஷ்டூடியரெண்டன்வெர்க். மாணவர் விடுதியும் மென்சாவும் நடத்துகிற அதே அமைப்புதான். அங்கே இலவச சமூக ஆலோசனை உண்டு. பல மாணவர்கள் இது தெரியாமலேயே படிப்பை முடித்துப் போய்விடுகிறார்கள். அங்கிருந்த ஆலோசகர் ஆஸ்பத்திரி பில்லிங் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுத உதவினார். தவணையில் கட்ட ஒப்புக்கொண்டார்கள், மாதம் 150 யூரோ கட்டுகிறேன். நம் ஆட்கள் வெட்கப்பட்டுக்கொண்டு பில்லை அப்படியே மேஜையில் வைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் வசூல் நிறுவனத்துக்குப் போய், அந்தச் செலவும் நம் தலையில் விழும். பில் வந்தவுடனே எழுதிக் கேளுங்கள். காப்பீட்டு நிறுவனத்தின் மறுப்புக் கடிதத்தைக் காட்டி யோசனை கேட்க ஃபெர்பிராவுஹர்ட்ஸென்ட்ராலே என்ற நுகர்வோர் ஆலோசனை மையமும் இருக்கிறது. சிறிய கட்டணம் வாங்குவார்கள்.

அரசு முறைக்குத் திரும்ப முடியுமா என்று நானும் கேட்டுப் பார்த்தேன். வாரம் 20 மணி நேரத்துக்குள் பார்ட் டைம் வேலை செய்தால் மாணவர் என்ற கணக்கிலேயே இருப்போம், விலக்கு அப்படியே தொடரும். படிப்பு முடிந்து முழு நேர வேலை கிடைத்தால், சம்பளம் சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்புக்குள் இருந்தால், அப்போது தானாக உள்ளே வரலாம். அதுவரை எந்தச் சின்ன வலி வந்தாலும் 'இது பழைய நோய் என்பார்களோ' என்ற யோசனைதான் முதலில் வருகிறது. 23 வயதில் யாருக்கும் இது வேண்டாம்.

தனியார் காப்பீடே கூடாது என்று நான் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்தில் பதிவதற்கு முன் மொழி வகுப்புக்கு மட்டும் வருகிறவர்கள், 30 வயதைத் தாண்டிய பிறகு சேர்கிறவர்கள் ஆகியோருக்கு மாணவர் கட்டணம் கிடைக்காது. அவர்கள் பாலிசியை வரிக்கு வரி படித்து, பழைய நோய் பற்றிய பகுதியை முக்கியமாகப் பார்த்து எடுக்க வேண்டும். விமானம் ஏறும் நாளிலிருந்து படிப்பு தொடங்கும்வரை எல்லோருக்கும் பயணக் காப்பீடு வேண்டும், அதுவும் சரிதான். ஆனால் 30க்குக் கீழே நேராகப் பட்டப் படிப்புக்கு வருகிறவர்கள் அரசு முறையில்தான் சேர வேண்டும். அட்மிஷன் கடிதம் கையில் இருந்தால் ஊரில் இருந்தபடியே ஆன்லைனில் நீங்களே விண்ணப்பிக்கலாம், ஆங்கிலத்திலேயே பேசுவார்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. எந்த ஏஜென்டும் நடுவில் தேவையில்லை.

ஏஜென்சி மீது கோவையிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் அப்பா புகார் கொடுத்திருக்கிறார். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே கொடுக்கலாம், இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். ஏஜென்சிக்குக் கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் எங்களுக்குக் கட்டணம் எதுவும் இல்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசித்தான் வழி தெரிந்துகொண்டார். வாட்ஸ்அப் உரையாடல், ஸ்கேன் கேட்டு வந்த மெயில், ரசீது என்று எதையும் அழிக்காமல் வைத்திருந்தது பெரிய உதவியாக இருந்தது. இதே மாதிரி படிவத்தில் கையெழுத்து வாங்கப்பட்டவர்கள் யாராவது இருந்தால், நீங்களும் அந்த மெயில்களை இன்றே பத்திரப்படுத்தி வையுங்கள்.