வயர்கார்ட்: திருத்தியதை ஏற்காத கான்ஃபிக் ஃபைல்

ஓபன்விபிஎன்-ஐ விட்டு வயர்கார்ட் என்ற விபிஎன் மென்பொருளுக்கு (சாதனங்களின் இணையப் போக்குவரத்தை மறையாக்கி ஒரு சர்வர் வழியாக அனுப்புவது) வந்து சில வருடங்கள் ஆகின்றன. வாடகைக்கு எடுத்த ஒரு சின்ன சர்வர், அதில் உபுண்டு. வீட்டில் இருக்கும் லேப்டாப், போன் எல்லாம் அதன் வழியாகத்தான் போகின்றன. வேகத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினாலும் இணைப்பு அறுவதில்லை. 2020-இல் லினக்ஸ் 5.6 கெர்னலுக்குள்ளேயே (இயங்குதளத்தின் மையப் பகுதி) வந்துவிட்டதால் மாட்யூலைத் தனியாகக் கம்பைல் செய்யும் தொல்லையும் போச்சு.

படுத்தி எடுப்பது ஒன்றுதான்: கான்ஃபிக்கை (செட்டிங்குகளை எழுதி வைக்கும் ஃபைல்) மாற்றினால் சில சமயம் காதிலேயே போட்டுக்கொள்ளாது.

புது போன் ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்று வையுங்கள். டபிள்யூஜி0.கான்ஃப் என்ற அந்த ஃபைலை நானோ எடிட்டரில் திறந்து, கடைசியில் ஒரு பியர் (இணையும் சாதனம்) பகுதியை எழுதிச் சேமித்து, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்கிறோம். எரர் எதுவும் வராது. ஆனால் போனில் ஹேண்ட்ஷேக் (இணைப்பைத் தொடங்கும் அறிமுகப் பரிமாற்றம்) நடக்காது. ஃபைலைத் திரும்பத் திறந்தால் எழுதிய பியரைக் காணோம்! ‘இது அம்மா போன்’ என்று குறித்து வைத்திருந்த கமெண்டுகளும் மாயம்.

பெர்மிஷன், டிஸ்க் என்று எங்கெங்கோ தேட வேண்டாம். ஃபைலின் மேலே ‘சேவ்கான்ஃபிக் = ட்ரூ’ என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். நிறைய செட்டப் வழிகாட்டிகள் காரணம் சொல்லாமலே அதைப் போடச் சொல்கின்றன. அது இருந்தால், இன்டர்ஃபேஸ் நிற்கும்போது கெர்னலில் அப்போது ஓடிக்கொண்டிருக்கும் செட்டிங்கை இன்டர்ஃபேஸை ஏற்றி இறக்கும் டபிள்யூஜி-குயிக் கருவி எடுத்து ஃபைலின் மேல் எழுதிவிடும். ரீஸ்டார்ட் என்பது முதலில் நிறுத்தம், அப்புறம்தான் தொடக்கம். நிற்கும்போதே நம் திருத்தம் அழிந்துவிடுகிறது. தொடங்கும்போது பழையதையே படிக்கிறது. ஜர்னல் லாகில் நிறுத்தும் இடத்தில் ‘டபிள்யூஜி ஷோகான்ஃப்’ என்ற கட்டளை ஓடியிருந்தால் இதுதான் என்று உறுதி.

அந்த வரியை எடுத்துவிடுங்கள். நிறுத்தும்போதும் ஃபைலைப் படித்துத்தான் முடிவெடுக்கிறது என்பதால், அதே திருத்தத்தில் புது பியரையும் சேர்த்துவிடலாம். கட்டளை வழியாகவே பியர்களைச் சேர்ப்பவர்களுக்கு இந்த சேவ்கான்ஃபிக் வசதி பயன்படும். ஃபைலைக் கையால் திருத்துபவர்களுக்கு அது வேண்டவே வேண்டாம் என்பேன்.

இப்போதெல்லாம் நான் ரீஸ்டார்ட் செய்வதே குறைவு. ‘டபிள்யூஜி-குயிக் ஸ்ட்ரிப்’ தரும் வெளியீட்டை ‘டபிள்யூஜி சிங்க்கான்ஃப்’-க்குக் கொடுத்தால், ஓடும் இணைப்புகள் அறுபடாமலே பியர் மாற்றங்கள் ஏறிவிடும். ஆனால் அட்ரஸ், டிஎன்எஸ், எம்டியூ, போஸ்ட்அப் வரிகள் இதில் ஏறாது. அவை டபிள்யூஜி-குயிக்கின் சமாச்சாரம், அவற்றுக்கு ரீஸ்டார்ட்தான்.

எண்ட்பாயிண்டில் (எதிர்முனையின் முகவரி) ஐபிக்குப் பதில் டொமைன் பெயர் கொடுத்திருந்தால் இன்னொரு சிக்கல். பெயருக்கான ஐபியை செட்டிங் ஏற்றும்போது ஒருமுறைதான் தேடும். பின்னால் டிஎன்எஸ்ஸில் ஐபியை மாற்றினால், அது பாட்டுக்குப் பழைய முகவரிக்கே பாக்கெட் அனுப்பிக்கொண்டிருக்கும். இதற்கென்றே மறுபடி தேடும் ஒரு ஸ்கிரிப்ட் வயர்கார்ட்-டூல்ஸின் மூலநிரலோடு கிடைக்கிறது. டைமரில் போட்டுவிட்டால் ஆயிற்று.

எனக்கு இன்னும் ஆறாத குறை, அலவுட்ஐபிஸ் (எந்த ஐபி எந்தப் பியருக்கு என்று சொல்லும் வரி) விஷயம். இரண்டு பியருக்கு ஒரே ஐபியைக் கொடுத்தால், கடைசியாக வந்தவருக்கு அதைக் கொடுத்துவிட்டு முதலாமவரிடமிருந்து சத்தமில்லாமல் பிடுங்கிவிடும். ஃபைலில் இரண்டும் ஒழுங்காகத் தெரியும். ‘டபிள்யூஜி ஷோ’ அடித்தால்தான் முதல் பியருக்கு நேரே ‘நன்’ (எதுவும் இல்லை) என்று நிற்பது கண்ணில் படும். ஒரு எச்சரிக்கை வரி காட்டினால் என்ன?