மூன்று வருடமா, நாலு வருடமா: கொழும்பில் கணிதப் பட்டம்

கொழும்புப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் கணிதம் படிக்கிறவர் இரண்டாம் வருடம் முடியும்போது ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். மூன்று வருடத்தோடு பொதுப்பட்டம் வாங்கிப் போவதா, நாலாம் வருடமும் இருந்து சிறப்புப் பட்டம் எடுப்பதா? நாலு வருடம் இருந்தவன் என்ற முறையில் நான் சாய்வது சிறப்புப் பட்டத்தின் பக்கம்தான்.

பொதுப்பட்டத்தில் சம்பளம் ஒரு வருடம் முந்தி வரும். தூய கணிதத்தோடு புள்ளிவிபரவியல், கணினி விஞ்ஞானம் என்று கலந்து படித்தவர் வங்கி, காப்புறுதி, மென்பொருள் கம்பனி எதற்கும் விண்ணப்பிக்கலாம். பாடசாலையில் இணைந்த கணிதம் படிப்பிக்கவும் அது போதும். பட்டப்பின் கல்வி டிப்ளோமாவை வேலையில் இருந்தபடியே முடிக்கலாம். ஆக்சுவரி (காப்புறுதி, ஓய்வூதிய இடர்களைக் கணக்கிடும் நிபுணர்) ஆக விரும்புகிறவருக்கும் நாலாம் வருடம் கட்டாயமில்லை. பிரித்தானிய ஆக்சுவரி நிறுவகத்தின் சிஎஸ்1 (புள்ளிவிபரவியல்), சிஎம்1 (நிதிக் கணிதம்) பரீட்சைகளை நிகழ்தகவும் கூட்டுவட்டியும் கைவசம் உள்ளவர் மூன்றாம் வருடத்திலேயே தொடங்கலாம். கட்டணம் ஸ்டேர்லிங் பவுணில் என்பதால் 2022 போல ரூபா சரிந்தால் சுமை சட்டென்று ஏறும். மென்பொருள் துறையில் எந்தப் பட்டத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதை அங்கே ஆள் எடுக்கிறவர்களிடம் கேட்பதே சரி. நான் பார்த்தது குறைவு.

எனக்குத் தீர்மானமானது ஒன்றே: விட்டுப்போன நாலாம் வருடத்தைப் பிறகு மீட்பது கடினம். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் மூன்று வருடப் பட்டம் 5ஆம் மட்டம், 90 கிரெடிட். சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம், 120 கிரெடிட். தகுதிகாண் விரிவுரையாளர் பதவிக்குச் சிறப்புப் பட்டத்தில் நல்ல வகுப்புக் கேட்பார்கள். வெளிநாட்டில் ஆய்வுப் பட்டத்துக்குப் போகிறவரிடமும் பல இடங்களில் நாலு வருடப் படிப்பை எதிர்பார்ப்பார்கள். மூன்று வருடத்தோடு போனவர் இந்த இடைவெளியைப் பெரும்பாலும் முதுமாணியால்தான் நிரப்ப வேண்டும். அரச பல்கலைக்கழகத்தில் இளமாணி இலவசம், முதுமாணிக்குக் காசு. இலவசமாகக் கிடைக்கும் வருடத்தை விட்டுவிட்டு, பிறகு வேலைக்குப் போய்க்கொண்டு வார இறுதிகளில் காசு கட்டிப் படிக்க வேண்டிவரும்.

நாலாம் வருடத்தில் இன்னொரு லாபம், நிறுவல் (புரூஃப்) எழுதும் கை பழகுவது. வர்க்கச் சார்பு (x²) மெய்யெண்கள் முழுவதிலும் சீராகத் தொடர்ச்சியானதல்ல, அதாவது விடையின் வித்தியாசத்தை எப்சிலனுக்குள் வைக்க எல்லாப் புள்ளிக்கும் பொருந்தும் ஒரே டெல்டா தூரம் கிடையாது என்று காட்டச் சொன்னால், பலர் முதலில் ஒரு புள்ளியை எடுத்து அதற்கு டெல்டா தேடுவார்கள். பரீட்சையில் மதிப்பெண் போவது அங்கேதான். வரிசை மறுபக்கம்: எப்சிலனை 1 என்று வைத்து, எந்த டெல்டா தந்தாலும் 1/டெல்டா என்ற புள்ளியையும் அதோடு அரை டெல்டா கூட்டிய புள்ளியையும் எடுக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள தூரம் டெல்டாவுக்குள்தான், ஆனால் வர்க்கங்களின் வித்தியாசம் 1ஐத் தாண்டிவிடும். எது முதலில் தரப்படுகிறது, எது அதைப் பொறுத்துத் தெரிவாகிறது என்ற இந்தக் கவனம் ஒரு முழு ஆய்வறிக்கையை எழுதும்போதுதான் ஊறுகிறது. கடன் இடரை மதிப்பிடும் மாதிரியில் பிழை தேடுகிறவருக்கும் தேவைப்படுவது அதே கவனம்.

ஆனால் சிறப்புப் பட்டத்துக்கு விரும்பிய எல்லாருக்கும் இடமில்லை. முதல் இரண்டு வருடப் பெறுபேறுதான் தெரிவு செய்யும். முதல் வருடம் 30 கிரெடிட்டில் தரப்புள்ளிச் சராசரி (GPA) 2.6 எடுத்தவர், இரண்டாம் வருடம் 30இல் 3.6க்கு ஏறினாலும் சராசரி 3.1தான். தமிழ் மொழிமூலத்தில் காவி (வெக்டர்), தாயம் (மேட்ரிக்ஸ்), சார்பு (ஃபங்ஷன்) என்று படித்து வந்தவர் ஆங்கில விரிவுரையில் தடுமாறுவது அந்த முதல் வருடத்தில்தான். பலருக்குக் கணிதம் தெரியும், வினாவின் வசனம்தான் பிடிபடாது. விடுதி அறையில் கடந்தகால வினாத்தாளை எடுத்து, விடையை முழு ஆங்கில வசனமாக எழுதிப் பழகுவது முதல் தவணையிலேயே தொடங்க வேண்டும்.

வீட்டில் உடனே உழைப்பு வேண்டும் என்றால் பொதுப்பட்டத்தை எடுங்கள், அதில் குறைவொன்றும் இல்லை. ஆனால் இன்னும் முடிவெடுக்காதவர் இரண்டாம் வருடப் பாடங்களைப் பதியும் முன் பீடக் கைநூலில் சிறப்புப் பட்டத்துக்கான முன்தேவைகளைப் பாருங்கள். ரியல் அனாலிசிஸ் (மெய்யெண் சார்புகளை நிறுவலோடு படிக்கும் பாடம்) கடினம் என்று அதைத் தவிர்த்து இலகுவான பாடத்தைப் பதிந்தவர், நல்ல சராசரி இருந்தும் விண்ணப்பிக்க முடியாமல் நிற்கக்கூடும்.