கென்யாவுக்கு எது தோது: அணையா, காற்றாலையா, பூமிக்கடி நீராவியா?

கென்யாவில் மின்தேவை உச்சத்துக்குப் போவது பொழுது சாய்ந்த பிறகுதான். அதனால் எந்த மின்நிலையம் உசத்தி என்று சண்டை போடுவதற்கு முன்னால், அந்த நேரத்தில் யார் கைகொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். யூனிட் விலையெல்லாம் அப்புறம்.

அந்தக் கணக்கில் அணைதான் கெட்டி. தானா ஆற்றில் மசிங்கா, கம்புரு, கிடாரு, கிண்டருமா, கியாம்பரே என்று வரிசையாக ஐந்து நிலையங்கள். மேலே மசிங்காவில் விடுகிற தண்ணீர் கீழே வரும்போது ஒவ்வொரு டர்பைனையும் சுற்றிவிட்டுப் போகிறது, வேண்டும் என்றால் சில நிமிடங்களில் உற்பத்தியை ஏற்றலாம், வேண்டாம் என்றால் குறைக்கலாம். ஆனால் மழை பொய்த்தால் போச்சு. 2000-லும் 2009-லும் மின்வெட்டு வந்ததும், வாடகைக்கு டீசல் ஜெனரேட்டர்களைக் கொண்டுவந்து நிறுத்தியதும் அப்படித்தான்.

காற்றாலை? துர்கானா ஏரிப் பக்கம் 365 காற்றாலைகள், மொத்தம் 310 மெகாவாட். காற்றுக்குப் பஞ்சமே இல்லை. கூத்து என்னவென்றால், 2017-லேயே காற்றாலைகள் தயார், கரண்டைக் கொண்டுபோக 400 கிலோமீட்டருக்கு மேல் நீளும் மின்பாதை தயாரில்லை. அதைப் போட வந்த ஸ்பெயின் நிறுவனம் திவாலாகி, 2018-ல்தான் இணைப்பு கிடைத்தது, அதுவரை வராத மின்சாரத்துக்கு அரசு நஷ்டஈடு கொடுத்தது. போதாததற்கு அங்கே காற்று பலமாக வீசுவது ஊரே தூங்குகிற ராத்திரியில்.

என் ஓட்டு நைவாஷா ஏரிப் பக்கத்து ஒல்கரியா பூமிக்கடி நீராவி நிலையத்துக்குத்தான். 1981-ல் வெறும் 15 மெகாவாட்டில் ஆரம்பித்தது. இன்று நாட்டின் மின்சாரத்தில் மிகப்பெரிய பங்கு பூமிக்கடி வெப்பத்திலிருந்து வருகிறது. தேசியப் பூங்காவுக்குள் வரிக்குதிரைகள் மேய, பக்கத்திலேயே நீராவிக் குழாய்கள் ஓடும். வறட்சி, காற்று எதுவும் அதைத் தொடாது. சிக்கல் தொடக்கத்தில்தான்: இரண்டு மூன்று கிலோமீட்டர் துளை போட்டு, பல மில்லியன் டாலர் கொட்டிய பிறகுதான் நீராவி இருக்கிறதா என்றே தெரியும். தனியார் தயங்குவார்கள், அரசுதான் இறங்க வேண்டும். ஒல்கரியாவின் நான்காவது நிலையத்துக்காக, மாடு மேய்த்து வாழும் மாசாய் இனக் குடும்பங்களை இடம்பெயர்த்ததையும் சும்மா விட முடியாது. ராத்திரியில் தேவை குறையும்போது நீராவியை வெளியே விட்டு வீணாக்குவது இன்னொரு வயிற்றெரிச்சல்.

கடலோர லாமுவில் கட்ட நினைத்த நிலக்கரி மின்நிலையமா? 1,050 மெகாவாட்டாம். நாட்டின் உச்சத் தேவையே அப்போது 2,000-ஐத் தொடவில்லை. 2019-ல் சுற்றுச்சூழல் தீர்ப்பாயம் உரிமத்தை ரத்து செய்தது, நல்லதாய்ப் போயிற்று.