ரயிலா, வானா?

தினமும் கோணேசரைக் கும்பிடும் அம்மம்மாவுக்கு இராமேசுவரமும் தஞ்சையும் பார்க்க ஆசை. தமிழ்நாட்டைச் சுற்ற ரயிலா, வாடகை வானா என்று திருகோணமலையில் எங்கள் விறாந்தையில் இரண்டு வாரமாக வாக்குவாதம்.

ரயில் மலிவு. பாம்பன் பாலத்தில் கடலுக்கு மேலே போகும் அந்தச் சில நிமிடங்களை எந்த வானும் தராது. ஆனால் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே திறக்கிறது. பண்டிகைக் காலத்தில் இடங்கள் மளமளவென்று தீரும். காத்திருப்புப் பட்டியலில் பெயர் கிடந்தால் பயணமே அந்தரந்தான்.

வானுக்குப் பெரும்பாலும் நாளொன்றுக்குக் குறைந்தபட்சக் கிலோமீற்றர் கணக்கு. ஓடாத தூரத்துக்கும் பணம், சாரதிக்குப் படி வேறு. திருச்சியிலிருந்து தஞ்சைக்கு 60 கிலோமீற்றர்கூட இல்லை, அதற்கு வான் வீண்செலவு. கிளைச்சாலைகளில் ஒளிந்திருக்கும் செட்டிநாட்டு மாளிகைகளுக்கு மட்டும் ஒருநாள் பிடிக்கலாம் என்பது என் கட்சி. அம்மம்மாவோ ரயில் நிலைய மேம்பாலப் படிகளை எண்ணி முழங்காலைத் தடவுகிறார்.