பிரிட்டனில் இரண்டாம் உலகப்போர் ஏர்சாஃப்ட்: பல சீசன் பயன்பாட்டுக்குப் பிறகு, எதை முதலில் வாங்கலாம், எதைக் கடைசியில்

ஏர்சாஃப்ட் என்பது சிறு பிளாஸ்டிக் குண்டு (பிபி) சுடும் போலித் துப்பாக்கிகளோடு ஆடும் போர் விளையாட்டு. அதை இரண்டாம் உலகப்போர்ச் சீருடையிலும் ஆயுத மாதிரிகளோடும் பிரிட்டனில் ஆட ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "அசல் மாதிரியே இருக்கும் துப்பாக்கியை விற்கவே மாட்டார்களாமே?" என்பதுதான். விற்பார்கள். ஏறக்குறைய இரண்டு மாதம் பொறுக்க வேண்டும், அவ்வளவே. இந்தச் சாமான்களை மழையிலும் சேற்றிலும் பல சீசன் உழைக்கவிட்டுப் பார்த்த பிறகு நாங்கள் சொல்வது ஒன்றுதான்: துப்பாக்கியைக் கடைசியில் வாங்குங்கள். அந்த இரண்டு மாதத்தில் கண்ணாடி, சீருடை, பூட்ஸ், பெல்ட் எல்லாம் சேர்த்துவிட்டால் காத்திருந்தது வீணே ஆகாது.

முதலில் சட்டம். இங்கே சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்துக்குப் பொருந்தும். வட அயர்லாந்தில் விதிகள் வேறு. 2006-ஆம் ஆண்டின் வன்முறைக் குற்றக் குறைப்புச் சட்டத்தில் போலித் துப்பாக்கி பற்றிய பகுதி 2007 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அசலிலிருந்து பிரித்தறிய முடியாத போலித் துப்பாக்கியைத் தயாரிப்பது, விற்பது, நாட்டுக்குள் கொண்டுவருவது, சாதாரணப் போலியை அசல் போல மாற்றுவது ஆகியவை அதன்படி குற்றம். வைத்திருப்பது இந்தப் பட்டியலில் இல்லை. ஏர்சாஃப்ட் ஆட்டத்துக்கும் வரலாற்று மறுநிகழ்த்தலுக்கும் சட்டமும் அதன் கீழ் வந்த விதிமுறைகளும் விலக்கு தருகின்றன. அந்த விலக்கு பொருந்துகிறது என்று காட்ட வேண்டிய பொறுப்பு விற்பவருடையது. அதனால்தான் கடைக்காரர் அத்தனை கேள்வி கேட்கிறார்.

கடைகள் இதற்காக வைத்திருக்கும் ஏற்பாடுதான் யூகேஆரா (பிரிட்டனின் ஏர்சாஃப்ட் விற்பனையாளர் சங்கம்) பதிவு. காப்பீடு உள்ள, பதிவு செய்யப்பட்ட ஒரு மைதானத்தில் குறைந்தது 56 நாள் கால அளவில் மூன்று ஆட்டமாவது ஆடியிருக்க வேண்டும். வயது 18 நிறைந்திருக்க வேண்டும். அதன் பிறகு மைதானம் உங்கள் பெயரைப் பதிவுசெய்யும். பதிவு ஓராண்டு செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆடி முடித்துவிட்டுப் பதிவு எண் கேட்பவர்கள் நிறைய. 56 நாள் ஆகவில்லை என்று திருப்பி அனுப்பினால் நான்காவது ஆட்டத்துக்குக் காசு கட்ட வேண்டியிருக்கும். முதல் ஆட்டம், ஒரு மாதம் கழித்து இரண்டாவது, 56 நாள் தாண்டியதும் மூன்றாவது என்று முதலிலேயே திட்டமிடுங்கள். வருகை அட்டையில் அன்றன்றைக்கே கையெழுத்து வாங்கிவிடுங்கள். மூன்றையும் ஒரே மைதானத்தில் ஆடுவது சிக்கலில்லாத வழி.

யூகேஆரா எண் லைசென்ஸ் அல்ல. சட்டத்தில் அந்தப் பெயரே கிடையாது. மூன்றாம் நபர் காப்பீடு உள்ள மறுநிகழ்த்தல் சங்கத்தில் உறுப்பினராக இருப்பதும் செல்லுபடியாகும் காரணம்தான், ஆனால் அதை ஏற்பதா என்பது கடைக்காரர் முடிவு. வெளிநாட்டிலிருந்து தருவித்தால் இறக்குமதி செய்பவர் நீங்கள்தான். சுங்கத்தில் காரணம் கேட்பார்கள். பழைய துப்பாக்கியை இன்னொரு ஆட்டக்காரருக்கு விற்கும்போது அந்தப் பொறுப்பு உங்கள் தலையில் விழும். அவருடைய எண்ணைச் சரிபார்க்காமல் கைமாற்றாதீர்கள்.

காத்திருக்க மனமில்லாதவர்களுக்குக் கடையில் காட்டுவது டூ-டோன்: பாதிக்கு மேல் பளிச்சென்ற நீலம், பச்சை, ஆரஞ்சு என்று வண்ணம் அடித்த துப்பாக்கி. நவீன ஆட்டத்துக்கு அது போதும். நம் ஆட்டத்துக்கு அதை வாங்கவே வேண்டாம் என்போம். பல அமைப்பாளர்கள் அதைக் களத்தில் அனுமதிப்பதில்லை. விலக்கு கிடைக்கும் முன் அதற்குக் கறுப்பு அடித்தால், அசல் போல மாற்றிய குற்றம் உங்கள் மேல் வரும். கிடைத்த பிறகு வண்ணத்தை எடுப்பதும் லேசான வேலை இல்லை. அசிட்டோன் தொட்டால் பிளாஸ்டிக் கட்டை (துப்பாக்கியைத் தோளில் ஊன்றும் பகுதி) உருகிவிடும். அடுப்பு சுத்தம் செய்யும் காரக் கரைசல் வண்ணத்தோடு அலுமினியத்தையும் துத்தநாகக் கலவையையும் அரித்துவிடும். நிஜ மரக்கட்டையில் அடித்த வண்ணம் மரத்தின் இழைக்குள் இறங்கிவிடுவதால் தேய்த்து எடுத்தாலும் சாயல் நிற்கும்.

இனி வாங்கும் வரிசை. முதலில் கண்ணாடி. ஈஎன்166 என்ற ஐரோப்பியக் கண்பாதுகாப்புத் தரத்தில் 'எஃப்' முத்திரை வினாடிக்கு 45 மீட்டர் வேகத்தில் வரும் 0.86 கிராம் எஃகு உருண்டையைத் தாங்கும். 'பி' முத்திரை 120 மீட்டர். 0.20 கிராம் பிபி குண்டு 350 எஃப்பிஎஸ்ஸில் (வினாடிக்கு 350 அடி) வினாடிக்குச் சுமார் 107 மீட்டர் வேகத்தில் வரும். 'பி'க்குக் கீழே இறங்காதீர்கள். அந்தக் காலத்துத் தூசிக் கண்ணாடி பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் களத்தில் கண்ணில் மாட்டக் கூடாது. கம்பளிச் சட்டைக்குள் உடம்பு சூடேறுவதால் ஒற்றை லென்ஸ் சீக்கிரமே பனிபடிந்துவிடும். இரட்டை லென்ஸ் வாங்குங்கள். ஜெர்மன் ஹெல்மெட்டின் பக்கவாட்டு விளிம்பு கண்ணாடிப் பட்டையைத் தள்ளும், பட்டையை ஹெல்மெட்டுக்கு உள்ளே போட்டால் சரியாகிவிடும். முகத்தின் கீழ்ப்பாதிக்குக் கம்பிவலை மாஸ்க் போட்டால் மரக்கட்டையில் கன்னம் பதித்துக் குறிபார்க்க முடியாது. மென்துணி மாஸ்க்கும் பல்காப்பும் சேர்த்துப் போடுங்கள். பல்காப்பு இல்லாமல் ஆடுவது முன்பல்லைப் பணயம் வைப்பது.

அடுத்து சீருடை. பிரிட்டிஷ் பேட்டில்டிரஸ் கனத்த கம்பளி. வெந்நீரில் துவைத்தால் சுருங்கும். நனைந்தால் நிழலில் தொங்கவிட்டுக் காயவையுங்கள். அந்தக் கம்பளியில் பட்ட குண்டு பல சமயம் உடம்புக்குத் தெரியாது என்பதை மனதில் வையுங்கள். எஃகு ஹெல்மெட்டில் பட்டால் 'டிங்' என்று கேட்கும், முதுகில் பட்டால் சத்தமே இராது. பட்டதோ என்று சந்தேகம் வந்தாலே கையைத் தூக்குங்கள். இந்த ஆட்டம் ஓடுவதே அந்த நேர்மையில்தான். ஆணி அடித்த பூட்ஸ் மண்ணில் அருமையாகப் பிடிக்கும், சிமெண்ட் தரையிலும் ஈரப் பலகையிலும் வழுக்கும். கட்டடம் உள்ள மைதானம் என்றால் ரப்பர் அடி போட்டதே நல்லது.

செலவு குறைவாக, அதே சமயம் வரலாற்றுக்கு உண்மையாக இருக்க வேண்டுமா? 1944-45 பர்மாக் களத்தின் 14-ஆவது படையைப் பாருங்கள். கம்பளி வேண்டாம், பச்சைப் பருத்திச் சட்டையும் கால்சட்டையும் போதும். 1937 மாதிரி பெல்ட்-பை தொகுதி, சாய்ந்த விளிம்புத் தொப்பி. அந்தப் படையில் பெரும்பகுதி இந்திய வீரர்கள். அவர்களுடைய பெல்ட்டும் பையும் நிறையவே இந்தியாவில் தயாரானவை. ஐரோப்பியக் களங்களின் கூட்டத்தில் இந்த வேடம் குறைவாகவே தென்படுகிறது. இன்னும் பலர் எடுத்தால் எங்களுக்கு மகிழ்ச்சி.

பைகளில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அமெரிக்கத் தாம்சன் சப்மெஷின் துப்பாக்கியின் மேகசின் பைகளில் ஐந்து அறை உள்ளது 20 குண்டு மேகசினுக்கு, மூன்று அறை உள்ளது 30 குண்டு மேகசினுக்கு. 30-ஐ ஐந்தறைப் பையில் போட்டால் மூடி பூட்டாது. பிரிட்டிஷ் முன்பைகளில் ஸ்டென் (பிரிட்டிஷ் சப்மெஷின் துப்பாக்கி) மேகசினுக்காகவே நீளம் கூட்டியது மூன்றாம் மார்க், அதாவது மூன்றாம் வடிவம். பழைய மார்க்குகளில் ஸ்டென் மேகசின் இறுக்கிப் பிடிக்கும்.

இப்போது துப்பாக்கி. புதிதாக வருபவருக்கு நாங்கள் தயங்காமல் சொல்வது சைமா நிறுவனத்தின் தாம்சன் எம்1ஏ1. அமெரிக்கக் காலாட்படை, பிரிட்டிஷ் கமாண்டோ, பர்மாவின் 14-ஆவது படை மூன்றுக்கும் கிட்டத்தட்டப் பொருந்தும். உள்ளே குண்டைத் தள்ளும் மின்மோட்டார் இயந்திரம் ஆறாம் வெர்ஷன் கியர்பாக்ஸ். பிஸ்டன், ஸ்பிரிங் போன்றவை பொதுவாகக் கிடைப்பதே. குண்டைக் குழலுக்குள் ஏற்றும் டேப்பெட் பிளேட்டும் நாசிலும் மட்டும் இதற்கென்றே வருபவை, ஒரு ஜோடி முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கட்டை உடலோடு சேரும் இடத்தில் உள்ள திருகுகள் ஆட ஆடத் தளரும், ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் இறுக்கிவிடுங்கள். 7.4 வோல்ட் லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) போதும். 11.1 போட்டால் வேகம் கூடும், கியர் பல்லும் சீக்கிரம் போகும். குண்டைச் சுழலவிட்டுத் தூரம் கூட்டும் பழைய ஹாப்-அப் ரப்பரை மாற்றி 0.28 கிராம் குண்டு போட்டாலே குறி நன்றாகத் திருந்தும். காட்டு மைதானங்கள் பலவற்றில் மட்கும் பிபி மட்டுமே அனுமதி.

ஏஜிஎம் நிறுவனத்தின் எம்பி40 (ஜெர்மன் சப்மெஷின் துப்பாக்கி), ஸ்டென் இரண்டும் விலைக்குப் பார்வையாக இருக்கும். ஆனால் உடல் துத்தநாகக் கலவை. எம்பி40 தன் மடக்குக் கட்டை படும்படி விழுந்தால் மடக்கும் இடம் விரிசல் விடும். இரண்டிலும் மேகசினைக் கைப்பிடியாகப் பிடிக்காதீர்கள். மேகசின் வாய் ஆட்டம் கண்டால் குண்டு ஏறாது. அசல் ஆயுதத்திலும் இதே கோளாறு உண்டு.

கார்98கே என்ற ஜெர்மன் போல்ட் துப்பாக்கியை விரும்புகிறவர்கள், தோட்டா வெளியே தெறிக்கும் கேஸ் வகையை விட்டு ஸ்பிரிங் வகையைப் பாருங்கள். புல்லில் விழுந்த தோட்டாவைத் தேடுவதிலேயே பாதி ஆட்டம் போய்விடும், ஒவ்வொரு தோட்டாவும் விலை. குளிரில் கேஸ் அழுத்தம் விழும்; சுமார் 10 டிகிரிக்குக் கீழே போனால் நம்பிச் சுட முடியாது. பிரிட்டனில் அது பாதி ஆண்டு.

சக்தி வரம்பில் குழப்பம் வேண்டாம். 2017-ஆம் ஆண்டு போலீஸ் மற்றும் குற்றச் சட்டப்படி தானியங்கிக்கு 1.3 ஜூல், ஒவ்வொன்றாக மட்டுமே சுடக்கூடியதற்கு 2.5 ஜூல். 0.20 கிராமில் 1.3 ஜூல் என்பது சுமார் 374 எஃப்பிஎஸ். பல மைதானங்கள் தானியங்கியை 350-லேயே, அதாவது 1.14 ஜூலிலேயே நிறுத்துகின்றன. ஸ்பிரிங் மாற்றும்போது எம்100 என்றால் 0.20 கிராமுக்குச் சுமாராக வினாடிக்கு 100 மீட்டர், அதாவது 328 எஃப்பிஎஸ் என்று வைத்துக்கொள்ளலாம். கேஸ் துப்பாக்கியில் கனமான குண்டு போட்டால் ஜூல் ஏறும். ஆடப்போகும் குண்டைப் போட்டே க்ரோனோ (குண்டின் வேகம் அளக்கும் கருவி) பாருங்கள். போல்ட் துப்பாக்கிக்கு 500 எஃப்பிஎஸ் வரை அனுமதி உள்ள இடங்களில் 30 மீட்டருக்குள் சுடக் கூடாது என்ற விதி பெரும்பாலும் இருக்கும்.

வீட்டிலிருந்து மைதானம் வரை துப்பாக்கி மூடிய பைக்குள், காரின் பின்பெட்டியில் இருக்கட்டும். தக்க காரணமின்றிப் போலித் துப்பாக்கியைப் பொது இடத்தில் எடுத்துச் செல்வது 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டப்படி தனிக் குற்றம். அதற்கு யூகேஆரா எண் துணை வராது. பெட்ரோல் பங்கில் சீருடை, ஹோல்ஸ்டரோடு இறங்காதீர்கள். மேலே ஒரு கோட்டாவது போட்டுக்கொள்ளுங்கள்.

ஆட்டம் முடிந்ததும் மேகசினைக் கழற்றி, ஒற்றைச் சுடுமுறையில் ஒருமுறை வெறுமனே சுட்டு ஸ்பிரிங்கைத் தளர்த்துங்கள். மரக்கட்டையைத் துடைத்து, திருகுத் துளைகளில் தங்கிய ஈரத்தைக் காயவிடுங்கள். எஃகுத் திருகு துருப்பிடிப்பது அங்கேதான். லிப்போவைச் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி வையுங்கள். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய பேட்டரியை மீண்டும் சார்ஜ் போடாமல் மறுசுழற்சிக்குக் கொடுத்துவிடுங்கள்.